கடைசி வரியில் எலிகள்

செப்டம்பர் 1, ஞாயிறு

எங்கள் நாளிதழின் நலப்பக்கம் நன்றாக வந்திருக்கிறது. மேலே ஐந்து பத்தி அகலத்துக்கு ‘மறதி நோயை நிறுத்தும் வல்லாரை’. தலைப்பு என்னுடையது. சனிக்கிழமை மாலை ஒரு விளம்பரம் வந்து விழுந்ததால் கட்டுரையின் கடைசிப் பாராவை வெட்ட வேண்டியதாயிற்று. ஆய்வு நடந்த விவரம்தான் அதில் இருந்தது. படிக்கிறவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

வீட்டுக்காரர் வழக்கம்போல் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் சிவப்புப் பேனாவால் இரண்டு ஒற்றுப்பிழையாவது வட்டமிட்டு நீட்டுவார். இன்று, “நல்லா இருக்கு மங்கை” என்றார். எது என்று கேட்டேன். “எல்லாம்தான்” என்றார்.

காலையில் தேங்காய் வாங்கி வந்தார். பத்து மணிக்குக் கடைக்குப் போனவர் மறுபடியும் தேங்காய் வாங்கி வந்தார். நாளை அவியல் வைத்தால் சரியாகப் போகும்.

செப்டம்பர் 4, புதன்

வல்லாரைக்கு நாற்பது கடிதம், எண்ணவே முடியாத அளவுக்கு வாட்ஸ்அப். கீரையை எப்போது சாப்பிட வேண்டும், காய வைத்துப் பொடியாக்கலாமா, சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா. செய்தி ஆசிரியர் ஆவுடையப்பன் என் மேசைக்கே வந்துவிட்டார்.

“மங்கை மேடம், இப்ப மூளைதான் ஓடுது. வாரா வாரம் ஒண்ணு போடுங்க.”

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை, வேதியியல் பட்டதாரி. செவ்வாய்தோறும் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆராய்ச்சிக் குறிப்புகளில் நாலைந்தைப் பொறுக்குவேன். ஆங்கிலத்தில் அறுநூறு சொல் இருப்பதைத் தமிழில் நூற்றைம்பதாக்குவேன். ‘இருக்கலாம்’, ‘கருதப்படுகிறது’, ‘மேலும் ஆய்வு தேவை’ இவையெல்லாம்தான் முதலில் போகும். இடம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது பால் பாத்திரம் அடி கருகிக் கிடந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். யாருக்கும் நடப்பதுதான்.

செப்டம்பர் 11, புதன்

இந்த வாரம்: காபி குடிப்பவர்களுக்கு மூளை கூர்மை. ஜூனில், காபி தூக்கத்தைக் கெடுத்து மூளையை வாட்டும் என்று போட்டிருந்தோம். யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. வல்லாரை எழுதிய ஆளிடம்தான் பேசுவேன் என்று ஒருவர் பிடிவாதமாக நிற்பதாக வரவேற்பில் இருந்த பெண் இணைப்பைக் கொடுத்தாள்.

அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாராம். பெயர் சொரிமுத்து. குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உட்கார வைத்தது.

“அம்மா, எம் பொஞ்சாதி பேச்சியம்மாளுக்கு மூணு வருசமா மறதி. டாக்டர் மாத்திரை குடுத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க போட்டிருந்தத பாத்துட்டு மாத்திரைய நிப்பாட்டிட்டு வல்லாரைச் சாறு குடுத்தேன். மூணு வாரம் ஆச்சு. இப்ப காலைல எந்திரிச்சா என்னையே யாருங்கா. முந்தாநாள் புறவாசல் படியில விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. நான் குடுத்த அளவு தப்பாம்மா? எத்தனை மில்லி குடுக்கணும்? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

அளவு தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மாத்திரையை நிறுத்தியது குறித்து டாக்டரை இன்றைக்கே போய்ப் பார்க்கச் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

செப்டம்பர் 25, புதன்

மூல ஆய்வைத் தேடி எடுத்தேன். செய்தி நிறுவனத்தின் குறிப்பை மட்டும் பார்த்து எழுதியிருந்தேன். ஆய்வுக் கட்டுரையை இன்றுதான் திறக்கிறேன்.

இருபத்திநான்கு எலிகள். எட்டு வாரம். தண்ணீர்த் தொட்டிக்குள் மறைத்து வைத்த மேடையை, சாறு குடித்த எலிகள் சில விநாடி முன்னதாகக் கண்டுபிடித்தன. அவ்வளவுதான். குடித்தது கீரையுமல்ல, கீரையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள். ‘மனிதர்களிடம் இது பயன்படுமா என்பது தெரியாது’ என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

வெட்டுப்பட்ட என் கடைசிப் பாராவையும் பார்த்தேன். ‘எலிகளிடம் நடத்தப்பட்ட இந்த ஆய்வில்’ என்றுதான் தொடங்குகிறது. கட்டுரை முழுக்க அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் எலி இருந்திருக்கிறது.

சாறு கொடுத்த பிறகு அந்த அம்மாள் விழுந்தார் என்பதால் சாற்றால்தான் விழுந்தார் என்று ஆகாது. மாத்திரை நின்றதால் விழுந்தார் என்றும் நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு நிகழ்வை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இது என் சமாதானம் இல்லை, ஆராய்ச்சியின் முதல் பாடம்.

இரவுச் சாப்பாட்டுக்கு இட்லி. அவர் ஊசிப்போன சட்னியை எடுத்து வைத்தார், நல்லதைக் கொட்டிவிட்டார். இரண்டும் ஒரே மாதிரிக் கிண்ணம்.

செப்டம்பர் 28, சனி

அம்பாசமுத்திரம் போனேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம், உள்ளறையில் கட்டில். சொரிமுத்துவுக்கு அறுபத்தைந்து இருக்கும். கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து வந்து கும்பிட்டார். பேச்சியம்மாள் கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “வா தாயி, எப்ப வந்த? பிள்ளைகள எங்க?” என்றார். நான் யாரென்று நினைத்தாரோ. “நல்லா இருக்காங்க” என்றேன்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். “அண்ணாச்சி, அந்த ஆராய்ச்சி எலிக்குச் செய்தது. மனுஷங்களுக்கு இல்லை. நான் எழுதினதுல அந்த வரி அச்சாகலை. தப்பு என்னுது.”

“எலியா?” என்றார். பிறகு, “எலிக்குக்கூட மறதி வருமாம்மா?” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வர வைக்கிறார்கள் என்றேன்.

அட்டைக் கோப்பு ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். மூன்று வருடமாக மூளை, மறதி என்று எங்கள் பக்கத்தில் வந்த எல்லாம் அதில் இருந்தது. துணி வெட்டும் கத்தரியால் வெட்டியிருந்ததால் ஓரங்கள் நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தன. மஞ்சள் நல்லது. மஞ்சளால் பயனில்லை. மீன் எண்ணெய் காக்கும். மீன் எண்ணெய் காக்காது. காபி. தூக்கம். புதிர் விளையாட்டு. நடை.

“எல்லாம் நீங்க எழுதினதுதான். நான் எதும்மா நம்பணும்?”

பதில் சொல்ல எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு துண்டாக எடுத்து என் கைப்பேசியில் மூலத்தைத் தேடினோம். நான் வாசித்தேன், அவர் கேட்டார்: எலியா, ஆளா? எத்தனை பேர்? எத்தனை நாள்? சாப்பிட்டதால் தேறினார்களா, இல்லை, தேறியிருந்தவர்கள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை அவரே கண்டுபிடித்தார். “நடக்க முடிஞ்சவன்தானம்மா தினம் நடப்பான்?” என்றார். இருபத்திரண்டு வருடத்தில் என் மேசையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

எலி என்று தெரிந்ததையெல்லாம் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு ஒருபக்கம் வைத்தார். கடைசியில் மிஞ்சியது ஒன்பது துண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்பது, நடை, நாலு பேரோடு பேசிக்கொண்டிருப்பது. அவற்றிலும் ‘காக்கும்’ என்று எதுவும் சத்தியம் செய்யவில்லை. ‘வாய்ப்பைக் குறைக்கலாம்’ என்றுதான் இருந்தது. நான் வெட்டிய சொற்களை எல்லாம் நானே பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

“டாக்டர்ட்ட போனேன். மாத்திரைய மறுபடி குடுக்கச் சொல்லியிருக்காங்க, கொஞ்சம் கொஞ்சமா” என்றார். “நான் கேக்காம நிறுத்தினது தப்புதான். உங்கள மட்டும் சொல்ல மாட்டேன்.”

கிளம்பும்போது சும்மா கேட்டேன், முதலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று.

“பொருள மறந்து வைக்கிறது எல்லாருந்தான் வைக்கிறோம். அத நான் கண்டுக்கிடல. யாராச்சும் அவகிட்ட ஒண்ணு கேட்டா, பதில் சொல்லுததுக்கு முன்ன என் மூஞ்சியப் பாப்பா. நான் எடுத்துக் குடுக்கணும். அப்பந்தான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன்.”

வரும்போது பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

துவைத்தேன். அலமாரி ஒழுங்குபடுத்தினேன். அவருடைய பீரோவில் மின்சார பில், சாவி, பாதி கடித்த பிஸ்கட் பொட்டலம் எல்லாம் சட்டைகளுக்கு நடுவில் இருந்தன. எறும்பு வந்திருந்தது. துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆவுடையப்பனிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

“ஒரு மாசம் ஆயிட்டு மேடம். இப்பப் போய் எலின்னு சொன்னா, அதுவரைக்கும் மறந்திருந்தவனும் ஞாபகம் வச்சுக்குவான்.”

“மாத்திரையை நிறுத்தினவங்க இன்னும் எத்தனை பேர்னு நமக்குத் தெரியாது சார்.”

“ரெண்டு வரி போட்டுக்கிடுங்க. ஆறாம் பக்கம் கீழ.”

“அது வந்த இடத்திலேயே வரணும். அதே அகலத்துல. என் பேரு போட்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மோசமான மனிதர் இல்லை. விற்பனைக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். “பேரு எதுக்கு மேடம்? பத்திரிகை பேரே போதும்” என்றார். பிறகு, “சரி. அஞ்சு பத்தி தர முடியாது. மூணு பத்தி எடுத்துக்கிடுங்க” என்றார்.

மூன்று பத்தி போதும்.

அக்டோபர் 6, ஞாயிறு

‘அந்த ஆய்வு எலிகளுக்கு நடந்தது’ என்பது தலைப்பு. டாக்டர் கொடுத்த எந்த மாத்திரையையும் செய்தி படித்துவிட்டு நிறுத்த வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். சொரிமுத்துவின் நாலு கேள்வியையும் அப்படியே எழுதி, அம்பாசமுத்திரத்துத் தையல்காரர் ஒருவர் கேட்டது என்று குறிப்பிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரர் இன்று பக்கத்தை இரண்டு முறை படித்தார். “தைரியமாப் போட்டிருக்க” என்றார். அதன் பிறகு மதியமும் ஒருமுறை எடுத்துப் படித்து, “இத எப்ப எழுதின?” என்றார்.

அக்டோபர் 10, வியாழன்

கீழ்வீட்டு லூர்துமேரி மாடிப்படியில் அவரை நிறுத்தி, “அண்ணாச்சி, உங்க தம்பி மகளுக்கு எந்த ஊர்ல மாப்பிள்ளை பாத்திருக்கு?” என்று கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். தூத்துக்குடி என்றேன்.

தெருவில் லாரி போய்க்கொண்டிருந்தது. கேள்வி காதில் விழுந்திருக்காது.

அக்டோபர் 11, வெள்ளி

லாரி எதுவும் போகவில்லை. நேற்று தவறாக எழுதிவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

மதியம் வீட்டில் மட்டும் மின்சாரம் இல்லை. மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர் அவர். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் எத்தனையாவது கம்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். எங்கள் வரிசையில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் ‘தணிகாசலம் சார்’ என்று இங்கேதான் வருவார்கள்.

பெட்டியைத் திறந்தார். முன்னால் நின்றார். ஃபியூஸ் கட்டை கையில் இருந்தது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை ஒருமுறை கொண்டுபோனார், பின்னால் எடுத்தார். மெயின் சுவிட்சை அணைக்கவில்லை.

“என்னங்க, மெயின்” என்றேன்.

என்னைப் பார்த்தார். பிறகு கட்டையை மெதுவாக மேசை மேல் வைத்துவிட்டு, “ஆளக் கூப்பிடுவோம் மங்கை” என்றார். சட்டை முழுக்க வியர்வை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

வந்த பையன் ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டுப் போனான்.

ஒரு நிகழ்வு சான்றாகாது என்று எழுத வந்தேன். இந்த நோட்டிலேயே பின்னால் புரட்டினேன். ஒன்றல்ல.

அக்டோபர் 21, திங்கள்

நரம்பியல் டாக்டர் ஜெசிந்தாவிடம் ஐந்தாம் தேதிக்கு நேரம் கேட்டு வாங்கினேன். மூளை குறித்த செய்திகளை வாசகர்கள் எப்படிப் புரிந்துகொள்வது என்று பக்கத்துக்கு ஒரு பேட்டி. வீட்டுக்காரரையும் துணைக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பேட்டி நன்றாக அமைந்தது. டாக்டர் ஜெசிந்தா சின்ன உருவம், நிதானமான பேச்சு. “ஒரே ஆய்வு எதையும் முடிவு செய்யாது. பத்து ஆய்வு ஒரே பக்கம் கை காட்டினா, அப்பத் திரும்பிப் பாருங்க” என்றார். குறித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டேன். வீட்டுக்காரர் என் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

நோட்டை மூடியதும் டாக்டர், “நீங்க பேட்டிக்கு வந்தீங்களா, சாரைக் காட்ட வந்தீங்களா?” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார்: “என்னக் காட்டத்தான் டாக்டர். அவளுக்குச் சொல்ல வரல.”

அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். படம் வரைவது, சொல் நினைவு வைப்பது என்று சோதனை. எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். சில வருடங்களுக்கு முன்பிருந்ததை விட இவரிடம் மாற்றம் தெரிகிறதா என்று எட்டுக் கேள்வி. ஆம், இல்லை, தெரியாது. எட்டுக்கும் ‘இல்லை’ குறித்துக் கொடுத்தேன்.

டாக்டர் அதையும் சோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை, காதுப் பரிசோதனை, ஸ்கேன் எழுதிக் கொடுத்து அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில் கூட வெளியில் பிடித்ததில்லை.

நவம்பர் 8, வெள்ளி

சொரிமுத்து அண்ணாச்சி பேசினார். மாத்திரை தொடங்கியபின் பேச்சியம்மாள் கொஞ்சம் தெளிவாம். முன்பிருந்த அளவுக்கு வரவில்லை. கட்டு இன்னும் பிரிக்கவில்லை. “நேத்து எம் பேரச் சொல்லிட்டாம்மா” என்றார்.

சந்தோஷப்பட்டேன். அப்புறம், “அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் இருக்கு” என்றேன். இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

“அன்னைக்கே நினைச்சேம்மா” என்றார். “எழுதுதவங்க யாரும் கோப்பு பாக்க மூணு மணி நேரம் உக்கார மாட்டாங்க.”

நவம்பர் 12, செவ்வாய்

டாக்டர் எல்லாவற்றையும் நேரே அவரிடமே சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

“சார், பி12 சத்து ரொம்பக் குறைவா இருக்கு. காதும் ஒரு பக்கம் கேட்கிறது குறைஞ்சிருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு, இன்னைக்கே ஊசி ஆரம்பிச்சிருவோம். அதுல கொஞ்சம் தெளிவு வரலாம். ஆனா அது மட்டும்தானான்னா, இல்லைன்னுதான் தோணுது. ஸ்கேன்ல சில மாற்றம் இருக்கு. பேரு வைக்க இப்ப அவசரப்பட மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்.”

“கூடுமா, குறையுமா?” என்றார் அவர்.

“தெரியாது சார். தெரிஞ்சா சொல்லிருவேன்.”

அவர் தலையாட்டினார். எனக்கு அந்தத் ‘தெரியாது’ விசித்திரமாக ஆறுதலாக இருந்தது. அந்தச் சொல்லைத்தான் இத்தனை வருடம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர், விருப்பமிருந்தால் ஒரு நீண்ட கால ஆய்வில் சேரலாம் என்றார். புது மருந்து எதுவும் கிடையாது. நம் பக்கத்து மனிதர்களுக்கு ஞாபகம் எப்படி மாறுகிறது என்று ஐந்து வருடம் கவனிப்பார்கள். முந்நூறு பேர் வேண்டும், நூற்றுப் பத்துப் பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். “இதுனால உங்களுக்கு நேரடியாப் பலன் இருக்காது. அதையும் சொல்லிடணும்” என்றார்.

நான் யோசிக்க அவகாசம் கேட்பதாக இருந்தேன்.

“சேத்துக்கிடுங்க” என்றார் அவர். என்னைப் பார்த்துச் சிரித்தார். “எலி போதாதுன்னு பேப்பர்ல போட்டது நீதான? பின்ன மனுசனுக்கு எங்க போவாங்க?”

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவது வந்ததா தெரியவில்லை. கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆய்வில் சேர, கூட இருப்பவர் அந்த எட்டுக் கேள்விக்கும் மறுபடி பதில் எழுத வேண்டும். டாக்டர் புதிய தாளை என்னிடம் நீட்டினார். போன வாரத் தாளைப் பற்றிப் பேசவில்லை. “நாங்க இவரை ஒரு மணி நேரம்தான் பாக்கிறோம். நீங்க எழுதறதுதான் மீதி” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். மேலே அவர் பெயர். கீழே, பதில் தருபவர் பெயர், உறவு, எத்தனை வருடமாகத் தெரியும். மங்கையர்க்கரசி, மனைவி, முப்பத்தொன்று.

முதல் கேள்வி, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா. ஆம். இரண்டாவது, வீட்டுக் கருவிகளைக் கையாளச் சிரமப்படுகிறாரா. பேனா சற்று நின்றது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆம். மூன்று, ஆம். நான்கு, தெரியாது. ஐந்து, ஆம்.

ஆறாவது, பழகிய இடத்தில் வழி தவறுகிறாரா. அது இல்லை. அது மட்டும் இல்லவே இல்லை. இந்த ஊர் அவருக்கு உள்ளங்கை. ‘இல்லை’யில் பேனாவை வைத்தேன்.

“அதுக்கும் ஆமான்னு போடு” என்றார்.

“எப்ப?”

“ஆவணியில. பாளை மார்க்கெட் முக்குல இறங்கினேன். எந்தப் பக்கம் வீடுன்னு தெரியல. கம்பத்தையெல்லாம் பாத்துக்கிட்டே நின்னேன், ஒண்ணும் தெரியல. வெயில்ல ஒரு மணி நேரம் இருக்கும். பூக்காரம்மாதான் கண்டுபிடிச்சு, ‘சார், நீங்கதான எங்க தெருவுக்கு லைன் இழுத்துக் குடுத்தீங்க’ன்னு சொல்லி ஆட்டோவுல ஏத்திவிட்டா.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ வேலைய விட்டுட்டு எனக்குக் காவலுக்கு உக்காந்துருவ.” பிறகு, “எனக்கே சொல்லிக்கிடல மங்கை” என்றார்.

இரண்டரை மாதமாக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எதுவும் எழுதாமலே அவரும் ஒன்று வைத்திருந்திருக்கிறார்.

‘இல்லை’யை அடித்துவிட்டு ‘ஆம்’ குறித்தேன். பக்கத்தில் என் கையெழுத்துப் போட்டேன். அடித்தல் திருத்தல் இருந்தால் போட வேண்டும் என்று தாளிலேயே இருந்தது.

அவர் என் கையிலிருந்து தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஏழாவது கேள்வியை உரக்க வாசித்தார்.